எச் 112

போன வேனிலில் இருக்கைகளைப் பிடுங்கினார்கள்.
மரத்தில் செய்தவை. எழுந்தால்
டப்பென்று மடங்கி முதுகோடு ஒட்டிக்கொள்பவை.
பிளாஸ்டிக் வரும் என்றார்கள்.
வந்தது ஒரு கடிதம்:
நினைவுப் பொருள், விலை நாற்பது பவுண்டு,
முந்துபவருக்கே முன்னுரிமை.
இருபத்தாறு வருடம் நான் உட்கார்ந்து தேய்த்த பலகையை
எனக்கே விற்றார் திருவாளர் பிரெண்டிஸ்.
வாங்கினேன்.
வேறு யாரோ அதன்மேல் பூந்தொட்டி வைப்பதற்கு
விட்டுவிட முடியுமா?

கொழுந்தன் ராய்ஸ்டன் இரும்பில் கால் வைத்துத் தந்தான்.
மீன் ஆலையில் காலை முறை முடிந்த கையோடு
அதைத் தோளில் போட்டுக்கொண்டு
துறைமுகச் சாலையில் ஏறி வந்தேன்.
விரலிடுக்கில் இன்னும் செதில்.

வடக்கு மதிலுக்கு வெளியே, நடைபாதையில்,
எச் வரிசை கூடிவிட்டிருந்தது.
109 ஹெஸ்டர். 110 அவள் மகன்.
112 நான்.
நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி.
லயோனல் உள்ளே போய்விட்டான்.
"அப்பாவின் சாம்பலை அந்தப் புல்லில்தான் தூவினேன்,
நான் எப்படி வெளியே நிற்பேன்?"
அவனை யாரும் திட்டவில்லை என்று எழுத ஆசை.
திட்டினோம்.

கடல்மூட்டத்தில் பாதிப் பேருக்கு முகம் இல்லை.
நானூறு பேர், கோஷம் கிடையாது,
பேச்சே கிடையாது என்று காலையில் முடிவு.
போன மாதம் கத்திப் பார்த்தாயிற்று.
அதற்கு முந்தின மாதம் கறுப்புக்கொடி.
கண்ணாடி அறையில் திரை இறங்கியது, அவ்வளவுதான்.
ஊர் கூடித் தேர் இழுத்தே பழகியவர்கள் நாங்கள்.
ஓடுகிற சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட
இப்போதுதான் படிக்கிறோம்.
கை நசுங்காமல் போடவேண்டும்,
தேரும் சாயக்கூடாது.

வாசலில் மஞ்சள் அங்கியில் இட்ரிஸ்.
எங்களைத் தடுக்கத்தான் அவருக்குச் சம்பளம்.
சம்பளம் வந்து மூன்று மாதம் ஆகிறது.
நுழைய யாருமில்லை, தடுக்க அவருக்கு எதுவுமில்லை.
ஹெஸ்டர் பிளாஸ்க்கைத் திறந்து
முதல் தேநீரை அவருக்குக் கொடுத்தாள்.

விசில்.
கண்ணை மூடினால் ஆட்டம் தெரிகிறது.
பந்து இடப்பக்கம் போவது,
கோல்கீப்பர் கத்துவது
பயத்திலா எரிச்சலிலா என்பது,
எல்லாம் காதுக்குத் தெரிகிறது.

இருபதாவது நிமிடம் ஒரு கூச்சல்.
மெலிந்த கூச்சல், சின்னப் பள்ளிக்கூடம் விட்டதுபோல.
போட்டது யார்?
எங்கள் பையன்கள் என்றால் சந்தோஷப்படலாமா?
ஜெயித்தால் அது அவருக்கும் ஜெயம்தானே?
தோற்கவேண்டும் என்றா இங்கே நிற்கிறோம்?
யோசித்து முடிப்பதற்குள்
இட்ரிஸ் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்
ஒன்பது விரல் காட்டினார்.

ஒன்பது, எங்கள் டன்ஸ்டன்.
முழங்கால்கள் எங்களிடம் அனுமதி கேட்கவில்லை.
டப்
டப் டப் டப்
நடைபாதை நெடுகப் பலகைகள் மடங்கின.
அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு வருடம்.
மதிலுக்குள் ஒரு கணம் எல்லாம் நின்றது.
அவர்களுக்கும் கேட்டிருக்கும்.
பிறகு வெட்கத்தோடு
ஒவ்வொருவராய் உட்கார்ந்தோம்.

எழுபதாவது நிமிடம் பந்து மதிலைத் தாண்டி வந்தது.
நிறுத்தியிருந்த கார்மேல் குதித்து,
சாக்கடை ஓரம் உருண்டு,
111 இருக்கவேண்டிய இடத்தில் நின்றது.

தராதே என்று கையை ஆட்டினான் ஹெஸ்டரின் மகன்.
எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன்.
காற்றுக் குறைவு. அதற்கும் சம்பளம் பாக்கிபோல.
பிரெண்டிஸின் கம்பெனிப் பெயர் ஒரு பக்கம்,
அதன்மேல் எங்கள் புல்லின் பச்சைக் கறை.

மதிலுக்கு அப்பால் ஒரு பையனின் குரல்,
இப்போதுதான் உடைந்த குரல்:
"வெளியே யாராவது இருக்கீங்களா?"

நானூறு பேரும் வாயைத் திறக்கவில்லை.
நான் எழுந்தேன்.
இரண்டு கையாலும் பிடித்து,
தலைக்குப் பின்னால் கொண்டுபோய்,
இரண்டு பாதமும் தரையை விடாமல்
வீசினேன்,
விதிப்படி.